வெள்ளம் வருமுன் வரும் பணம்

ஐயாயிரம் ரூபாயை ஒரு குடும்பத்துக்கு வெள்ளம் வருவதற்கு நான்கு நாள் முன்பு கொடுத்தாலும், வடிந்து நாற்பது நாள் கழித்துக் கொடுத்தாலும் அரசின் கணக்கேட்டில் ஏறும் தொகை ஒன்றுதான். வாங்கிய வீட்டில் அது ஒன்றாக இருப்பதில்லை. முன்பே கிடைத்தால் அரிசியாகும், படகுக் கூலியாகும், மாட்டை மேட்டுக்கு ஓட்டிச் செல்லும் செலவாகும். பிந்திக் கிடைத்தால் பெரும்பாலும் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவே சரியாகிவிடும். நிவாரணம் பற்றி நம் ஊரில் நடக்கும் விவாதங்கள் எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்ற இரண்டு கேள்விகளையே சுற்றிவருகின்றன. எப்போது கொடுப்பது என்று கேட்பவர்கள் குறைவு. ஆற்று நீர் எந்த நாளில் எந்த அளவுக்கு உயரும் என்று முன்கூட்டிச் சொல்லும் அறிவியல் கைக்கு எட்டிவிட்ட இந்தக் காலத்தில், முதலில் கேட்க வேண்டியது அந்தக் கேள்விதான் என்பது என் கட்சி. அதற்கான சான்றுகள் வங்கதேசத்தின் ஜமுனா ஆற்றங்கரையில் கிடைத்திருக்கின்றன.

பிரம்மபுத்திரா வங்கதேசத்துக்குள் ஜமுனா என்ற பெயரில் ஓடுகிறது. பல கிளைகளாகப் பிரிந்தும் பின்னியும் ஓடும் அந்த ஆற்றின் நடுவில், வங்காளிகள் 'சோர்' என்று சொல்லும் மணல்திட்டுகள் ஆண்டுதோறும் கரைந்தும் புதிதாக எழுந்தும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். குரிகிராம், காய்பாந்தா, ஜமால்பூர், சிராஜ்கஞ்ச் போன்ற மாவட்டங்களில் லட்சக்கணக்கானோர் இந்தத் திட்டுகளில் வாழ்கிறார்கள். தகரமும் சணல் தட்டையும் கொண்டு கட்டிய வீடுகள்; ஆறு கரையை அரித்தால் தகரத்தைக் கழற்றிப் படகில் ஏற்றிக்கொண்டு அடுத்த திட்டுக்குப் போய்விடலாம். நிலம் நிலைக்காத இடத்தில் சேமிப்பை நிலத்தில் போட முடியாது. ஆகவே அங்கே சேமிப்பு என்றால் மாடு. கன்றாக வாங்கி, வளர்த்து, பக்ரீத் சந்தையில் விற்றால் ஓர் ஆண்டு உழைப்பு மொத்தமாகக் கைக்கு வரும். 2020ஆம் ஆண்டு அங்கே பக்ரீத் ஆகஸ்ட் 1ஆம் தேதி. ஜமுனாவில் பெருவெள்ளம் வந்தது ஜூலை நடுவில். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் இருக்கும் இரண்டு வாரத்தில்தான் ஓர் ஏழைக் குடும்பத்தின் எதிர்காலம் தீர்மானமாகிறது. அடுப்பு தண்ணீருக்குள் போய்விட்டது. வைக்கோல்போர் நனைந்து அழுகுகிறது. கூலி வேலை இல்லை. கடனுக்கு அரிசி தந்துவந்த கடைக்காரர் கையை விரிக்கிறார். மாட்டு வியாபாரி படகில் வருகிறார். இந்த வீட்டில் தீனியும் இல்லை, மாட்டைக் கட்ட மேடும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டிலும் அதே நிலை, அடுத்த வீட்டிலும் அதே நிலை. எல்லாரும் ஒரே வாரத்தில் விற்க நிற்பதால் விலை சரிகிறது. தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் வாங்கப் போவதால் விலை ஏறுகிறது. அந்த மாட்டைத் தண்ணீர் தொடவே இல்லை. இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கக் கையில் காசு இல்லாததால் அது போயிற்று.

வெள்ள இழப்பில் இப்படி இரண்டு அடுக்குகள் உண்டு. சுவர் விழுவது, பயிர் அழுகுவது, ஆள் அடித்துச் செல்லப்படுவது போன்ற நேரடி இழப்பு ஓர் அடுக்கு. தண்ணீர் சூழ்ந்த நாட்களில் வேறு வழியின்றி எடுக்கப்படும் முடிவுகளால் வருவது இன்னோர் அடுக்கு: மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்பது, உணவைக் குறைத்துக்கொள்வது, மகாஜன் எனப்படும் வட்டிக்காரரிடம் கடன் வாங்குவது, பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்புவது. தனி வீட்டில் நோய், மரணம் என்று ஏதேனும் நேர்ந்தால் அக்கம்பக்கமும் உறவும் கைகொடுக்கும். வெள்ளம் அந்த அக்கம்பக்கத்தையும் சேர்த்தே மூழ்கடித்துவிடுவதால் கைமாற்றுக்குக்கூட ஆள் இருக்காது. 1998இல் வங்கதேச நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு மாதங்களுக்கும் மேல் நீரில் கிடந்தது. அதன்பின் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் 757 குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தது. வெள்ளத்தில் சிக்கிய ஏழைக் குடும்பங்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வெள்ளத்தை அடுத்த மாதங்களில் கடனில் இருந்தன. குடும்பங்கள் வெள்ளத்தைச் சமாளிக்கப் பயன்படுத்திய முதன்மையான வழியே கடன்தான் என்று அந்த ஆய்வு கண்டது. குழந்தைகளின் எடைக்குறைவும் வளர்ச்சிக்குறைவும் கூடியிருந்தன. வளரும் வயதில் சில வாரப் பட்டினி உடம்பில் விட்டுச்செல்லும் குறையை ஆறு மாதம் கழித்து வரும் அரிசி மூட்டை ஈடுசெய்யாது. இரண்டாம் அடுக்கு இழப்பு முழுவதும் காலத்தோடு கட்டுண்டது என்று நான் சொல்வது இதனால்தான். அதைத் தடுக்கும் வாய்ப்பு சில நாட்களே திறந்திருக்கும்.

அந்தச் சில நாட்களை முன்கூட்டி அறிய முடியுமா? ஜமுனாவில் முடியும், அதற்கு ஆற்றின் அமைப்பே துணை. கங்கை, பிரம்மபுத்திரா, மேகனா ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் வங்கதேச எல்லைக்கு வெளியே இருக்கிறது. அருணாசலத்திலும் அசாமிலும் மேகாலயச் சரிவுகளிலும் கொட்டும் மழை சமவெளியில் மிகக் குறைந்த சரிவில் மெல்ல இறங்கி, ஜமால்பூர் மாவட்டத்துப் பகதூராபாத் அளவுமானியை எட்ட நாட்கள் ஆகின்றன. மேலே பெய்துவிட்ட மழையை அளந்தால் கீழே வரப்போகும் நீரைச் சொல்லலாம். இனி பெய்யப்போகும் மழையையும் கணித்தால் இன்னும் சில நாட்கள் கூடுதலாகக் கிடைக்கும். ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையத்தின் கணிப்பைக் கொண்டு இயங்கும் குளோஃபாஸ் என்ற உலக வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. வளிமண்டலத்தின் இன்றைய நிலையைத் துல்லியமாக அளப்பது யாராலும் ஆகாது என்பதால், தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிக் கணிப்பொறியில் 51 முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். 51இல் 30 ஓட்டங்கள் ஆறு அபாய அளவைத் தாண்டும் என்று காட்டினால் அதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 60 சதவீதம் என்று கொள்ளலாம். 'வெள்ளம் வரும்' என்று ஒற்றை வார்த்தையில் சொல்வதைவிட இது பயனுள்ளது. எத்தனை சதவீதத்தில் பணத்தை விடுவிப்பது என்று முன்பே முடிவுசெய்துகொள்ள இடம் தருகிறது. அந்த அளவு எட்டப்பட்டதும், யாரும் கூடிப் பேசிக் கையெழுத்துக்குக் காத்திருக்காமல், பணம் தானே கிளம்ப வேண்டும். முன்னறிவிப்பு நிதி என்று அழைக்கப்படும் முறையின் உயிர்நாடி இந்த முன்முடிவுதான்.

2017இல் வங்கதேசச் செம்பிறைச் சங்கம் போக்ரா மாவட்டத்தில் 1,039 ஏழைக் குடும்பங்களுக்கு வெள்ளத்துக்கு முன்பே தலா 5,000 டாகா கொடுத்துப் பார்த்தது. பணம் பெற்றவர்களுக்கு உணவு எளிதாகக் கிடைத்தது, அதிக வட்டிக் கடன் குறைந்தது, மன உளைச்சலும் குறைந்தது என்று பின்னர் வெளியான ஆய்வு காட்டியது. மாடு, நகை போன்றவற்றை விற்காமல் காத்ததா என்ற கேள்விக்கு, காத்திருக்கக்கூடும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. பெரிய அளவில் நடந்தது 2020இல். அந்த ஜூலை 4ஆம் தேதி, கடும் வெள்ளத்துக்கு வாய்ப்பு அதிகம் என்று முன்கணிப்பு காட்டியதும் ஐ.நா.வின் மத்திய அவசரநிலை நிதி 52 லட்சம் டாலரை விடுவித்தது. நீர் அப்போது அபாய உச்சத்தை எட்டியிருக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, வங்கதேசத்தின் வெள்ள முன்னறிவிப்பு மையத்தின் ஐந்து நாள் கணிப்பும் அதை உறுதிசெய்தது. உலக உணவுத் திட்டம் 23,434 குடும்பங்களுக்குத் தலா 4,500 டாகாவை பிகாஷ் என்ற கைபேசிப் பணச்சேவை வழியாக அனுப்பியது. சுமார் 53 டாலர். நம் மதிப்பில் அன்றைக்கு 4,000 ரூபாய். உணவு வேளாண் அமைப்பு மாட்டுத் தீனியும், விதையும் சாமான்களும் நனையாமல் வைக்க மூடியுள்ள பீப்பாய்களும் வழங்கியது.

பெற்றவர்களையும், பட்டியலில் இருந்தும் பெற முடியாமல் போனவர்களையும் ஆஷ்லி போப்பிள், ரூத் ஹில், ஸ்டெஃபான் டெர்கான், பென் பிரங்கர்ஸ்ட் ஆகிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். வெள்ளக் காலத்தில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருக்க நேரும் வாய்ப்பு, பணம் பெற்ற குடும்பங்களில் 36 சதவீதம் குறைவாக இருந்தது. ஆட்களையும் கால்நடைகளையும் முன்பே பாதுகாப்பான இடத்துக்கு மாற்றியவர்கள் அவர்களிடையே அதிகம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அவர்கள் வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். சொத்திழப்பும் வட்டிக் கடனும் குறைந்திருந்தன. ஒரு நாள் முந்திக் கிடைத்ததற்கும் சிறிதளவேனும் பலன் தெரிந்தது. இது மருந்துச் சோதனையைப் போலச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை. நிர்வாகத் தடங்கலால் விடுபட்டவர்களோடு ஒப்பிட்டது என்பதால், இரு சாராருக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள் இருந்திருக்கலாம். ஆனாலும் 2017இலும் 2020இலும், வெவ்வேறு அமைப்புகள் செய்த பணிகளில், உணவும் கடனும் ஒரே திசையில் நகர்ந்திருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 4,000 ரூபாய் எந்தக் குடும்பத்தையும் வறுமையிலிருந்து மீட்டுவிடாது. மூன்று மாதம் கழித்தும் அதன் தடம் வீட்டில் தெரிகிறது என்றால், தொகையின் அளவைவிட அது வந்த நாளுக்குத்தான் அந்தப் பெருமையில் பெரும்பங்கு சேர வேண்டும்.

கணிப்பு பொய்த்தால் என்ன செய்வது என்பதுதான் எல்லா நிதித்துறைகளிலும் எழும் முதல் கேள்வி. வெள்ளம் வராத ஊருக்கு வெள்ள நிவாரணம் கொடுத்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? வானிலை அறிவியலில் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. முன்னெச்சரிக்கைக்கு ஆகும் செலவு ஒரு பங்கு, அதனால் தடுக்கப்படும் இழப்பு மூன்று பங்கு என்றால், வெள்ளம் வரும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு முறையும் செலவு செய்வதே நெடுங்காலத்தில் லாபம். இடையில் சில முறை வெள்ளம் வராமல் போவது அந்தக் கணக்குக்குள் ஏற்கெனவே அடங்கியதுதான். அதைத் தவறு என்று சொல்லக் கூடாது. மேலும் இங்கே 'வீண்' என்ற சொல்லே முழுதாகப் பொருந்தாது. மணல்மூட்டை அடுக்கி வெள்ளம் வராவிட்டால் அந்தச் செலவு வீண். பரம ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்த 4,000 ரூபாய், வெள்ளம் வராவிட்டாலும் அந்த வீட்டில் அரிசியாகவும் பள்ளிச் செலவாகவும் பழைய கடனுக்கான தவணையாகவும் மாறும். ஆண்டு முழுக்க அவர்களுக்கு நலத்திட்ட உதவி வழங்கும் அரசுக்கு அது நஷ்டமில்லை. வெள்ளம் வந்தும் பணம் வராமல் போவதற்கு எந்தத் தணிக்கையும் நடப்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்து யோசிக்க வேண்டும். அந்தத் தவறின் விலையை அரசு கட்டுவதில்லை, மாட்டை விற்றவர் கட்டுகிறார்.

கையில் காசாகக் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்ற பேச்சும் உடனே கிளம்பும். டேவிட் எவன்ஸும் அன்னா போப்போவாவும் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பண உதவியால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. ஏழைகளைப் பற்றிய இந்த அவநம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதால் இதில் இதற்குமேல் நிற்க வேண்டியதில்லை. விலைவாசி பற்றிய எதிர்வாதம் அப்படியில்லை, அது கனமானது. ஊரெல்லாம் கையில் காசு இருந்து கடையில் சரக்கு இல்லாவிட்டால் விலைதான் ஏறும், வயிறு நிறையாது. 1998இல் அவ்வளவு பெரிய பயிரழிவுக்குப் பிறகும் வங்கதேசத்தில் பஞ்சம் வராததற்கு முக்கியக் காரணம், தனியார் வணிகர்கள் இந்தியாவிலிருந்து பெருமளவில் அரிசி இறக்குமதி செய்ததுதான். ஆகவே சந்தை இயங்கும் இடத்தில்தான் பணம் உணவாகும். இந்த வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அது முன்கூட்டிய பணத்துக்குத்தான் வலுச்சேர்க்கிறது. வெள்ளத்துக்கு முந்தைய நாட்களில் கடை திறந்திருக்கிறது, படகு ஓடுகிறது, வண்டி வருகிறது. அப்போது வாங்கிய அரிசியும் அவலும் பொரியும் பீப்பாய்க்குள் பத்திரமாக இருக்கும். சாலை அறுந்து கடை மூடிய பிறகு பணத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. அந்தக் கட்டத்தில் சமைத்த உணவும் குடிநீரும் மருந்தும் படகில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பணம் கொடுத்துவிட்டோம் என்று அந்த வேலையிலிருந்து எந்த அரசும் விலகிவிட முடியாது, விலகவும் கூடாது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இன்னொன்று. முன்கூட்டிப் பணம் அனுப்புவதற்குப் பட்டியல் முன்கூட்டித் தயாராக இருக்க வேண்டும். பட்டியலும் கைபேசிக் கணக்கும் இருப்பவர்களுக்கே அது போய்ச் சேரும். 2020இன் நல்ல பலனை நாம் அளக்க முடிந்ததே, பெயர் இருந்தும் பணம் போய்ச் சேராத குடும்பங்கள் இருந்ததால்தான் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. தனியாக வாழும் மூதாட்டி, சொந்தக் கைபேசி இல்லாத பெண், ஆறு அரித்துக் குடிபெயர்ந்து புது முகவரிக்கு இன்னும் ஆவணம் பெறாத குடும்பம்: தேவை மிகுந்தவர்கள்தான் எளிதில் விடுபடுகிறார்கள். இதைக் காரணம் காட்டி இந்த முறையைக் கைவிடச் சொல்ல முடியாது, பழைய முறையிலும் இவர்கள்தான் விடுபட்டார்கள். வேறுபாடு என்னவென்றால், வெயில் காலத்தில் ஆற அமரப் பட்டியல் போட்டால் விடுபட்டவர்களைத் தேடிப்போக நேரம் இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கணக்கெடுக்கும்போது அந்த நேரம் கிடைக்காது.

நம் ஆறுகள் ஜமுனாவைப் போல நீண்டவையல்ல, இங்கே ஐந்து நாள் அவகாசம் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு. கேள்வியில் பாதி நியாயம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாதிரிப் பேய்மழையை இன்ன ஊரில் இவ்வளவு என்று பல நாள் முன்பே சொல்லும் திறன் இன்றைய அறிவியலுக்கு இல்லை. அங்கே முதல் வேலை உயிர்காப்பது. பணம் அடுத்த நாளின் வேலை. ஆனால் எல்லா வெள்ளமும் அப்படி வருவதில்லை. காவிரி மேலே நிரம்பி மேட்டூரில் உபரி நீர் திறக்கப்பட்டால், மயிலாடுதுறை மாவட்டத்தில் கொள்ளிடத்துக்குள் இருக்கும் முதலைமேடு திட்டு, நாதல்படுகை போன்ற ஊர்களை அது சூழ நாள்கணக்காகும். 2022இலும் 2024இலும் அந்தத் திட்டு மக்கள் வீட்டைவிட்டு வெளியேறியது உள்ளூர் மழையால் அல்ல, மேலிருந்து வந்த நீரால். எவ்வளவு கன அடி திறந்தால் எந்தத் தெரு மூழ்கும் என்று அங்கே சிறுவர்களுக்கும் தெரியும். வங்கக்கடலில் உருவாகும் புயல்களும் சில நாட்களுக்கு முன்பே தடம் காட்டிவிடுகின்றன. மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கியது 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில். அதற்கான 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடைகளில் வழங்கத் தொடங்கியது டிசம்பர் 17ஆம் தேதி. இந்திய அளவில் இது மெத்தனம் இல்லை, வேகம்தான். டோக்கன் அச்சிட்டு, வீடுவீடாகக் கொடுத்து, ரொக்கம் கொண்டுவந்து சேர்க்க அவ்வளவு நாள் பிடித்திருக்கிறது. ஆனால் தினக்கூலி வாங்கும் வீட்டுக்கு இரண்டு வாரம் என்பது என்ன என்று மேலே பார்த்தோம்.

தமிழ்நாட்டிடம் வங்கதேசத்திடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள், 2023 செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் அனுப்பிவரும் மகளிர் உரிமைத்தொகை ஏற்பாடு, தெருவுக்குத் தெரு ரேஷன் கடை. எந்தத் தெருவில் யார் வீடு, எந்தக் கணக்கு என்பது அரசுக்கு ஏற்கெனவே தெரியும். இல்லாதது, இன்ன அளவு எட்டினால் இன்ன பகுதிக்கு இவ்வளவு என்று முன்பே எழுதிவைத்த ஆணை. பேரிடர் நிதி விதிகள் சேதத்தைக் கணக்கெடுத்து ஈடு தரும் மனப்பாங்கிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. பதினைந்தாம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கு வகுத்த பங்கீட்டில், மாநிலப் பேரிடர் மேலாண்மைக்கான மொத்தத் தொகையில் மீட்பு நிவாரணத்துக்கு 40 சதவீதம், மீள்கட்டமைப்புக்கு 30 சதவீதம், தயார்நிலைக்கும் திறன் வளர்ப்புக்கும் 10 சதவீதம். அந்தப் பத்தில் ஒரு சிறு பகுதியை முன்கூட்டிய பண உதவிக்கென ஒதுக்கிச் சோதித்துப் பார்க்க வழி திறப்பது மத்திய அரசின் கையில் இருக்கிறது. மாநிலம் தன் சொந்த நிதியிலிருந்தே ஒரு கொள்ளிடக் கரையோர ஒன்றியத்தில் தொடங்கலாம். நீர்வளத்துறை கன அடியை முடிவுசெய்யட்டும், வருவாய்த்துறை ஊர்ப்பட்டியலைக் கிராம சபையில் படித்து விடுபட்டவர்களைச் சேர்க்கட்டும், நிதித்துறை ஆணையில் கையெழுத்திட்டு வைக்கட்டும். தென்மேற்குப் பருவமழையில் மேட்டூர் நிரம்புவதற்கு முன் இது முடிய வேண்டும். அடுத்த முறை உபரி நீர் திறக்கப்படும் அறிவிப்பு வரும்போது, உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் நிவாரணம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்தத் தேதியில் கைக்கு வரும் என்றும் கேளுங்கள்.